மருத்துவப் பௌதிகவியலுக்கு எந்தப் பாடங்களைத் தெரிவது?

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர வகுப்பு மாணவிகளுக்கும் பெற்றோருக்குமாக, புற்றுநோய்ச் சிகிச்சைத் துறையில் பணிபுரியும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மேடைக்கு ஒரு வைத்தியர் வந்தால் மருத்துவபீடத்துக்குப் போவது எப்படி என்றுதான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இந்தக் கல்லூரியின் உயிரியல் வகுப்பில் இருந்து போய், இன்று புற்றுநோய்ச் சிகிச்சையில் வேலை செய்யும் நாங்கள் சிலர் கூடி யோசித்தபோது, அதைப் பற்றிப் பேச வேறு பலர் இருக்கிறார்கள் என்று பட்டது. எங்கள் பக்கத்தில் நின்று வேலை செய்கிற, ஆனால் நோயாளர் பெரும்பாலும் முகம் காணாத ஒருவரைப் பற்றிப் பேசத் தீர்மானித்தோம். மருத்துவப் பௌதிகவியலாளர் என்பது அவருடைய பெயர். அந்த இடத்துக்கு வர விரும்பும் பிள்ளை பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடங்களைத் தெரிய வேண்டும் என்பதே இன்றைய விடயம்.

முதலில் அவருடைய வேலையைச் சொல்லிவிடுகிறோம். ஒரு நோயாளிக்குக் கதிர்ச் சிகிச்சை தேவை என்று நாங்கள் முடிவு செய்கிறோம். உதாரணமாக 50 கிறே கதிரை, நாளுக்கு 2 கிறே வீதம், 25 தடவைகளில் கொடுக்க வேண்டும் என்று எழுதுகிறோம். எழுதுவது இலகு. அந்த 50 கிறேயும் கட்டிக்குள் போக வேண்டும். பக்கத்தில் உள்ள முள்ளந்தண்டுக்கோ நுரையீரலுக்கோ அவை தாங்கக்கூடிய அளவுக்கு மேல் போகக்கூடாது. எந்தக் கோணத்தில், எந்தச் சக்தியில், எவ்வளவு நேரம் கதிரைச் செலுத்துவது என்ற திட்டத்தைக் கணித்துச் சரிபார்ப்பவர் பௌதிகவியலாளர். இயந்திரம் இன்று காலையில் நேற்றைப் போலவே கதிரைத் தருகிறதா என்று அளப்பதும் அவர் பொறுப்பு. அறையின் சுவர் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்பதைக் கணிப்பதும் அவரே. குறித்த அளவுக்கும் உண்மையில் போய்ச் சேரும் அளவுக்கும் இடையில் நூற்றுக்கு ஐந்து வீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது என்பது நெடுங்காலமாக உலகம் ஏற்றுக்கொண்ட அளவுகோல். அந்த ஐந்து வீதத்துக்குள் எங்களை வைத்திருப்பது அவருடைய கணிதம்.

இனி, வீடுகளில் நடப்பதையும் பேச வேண்டும். கணிதப் பிரிவில் படித்த ஒரு பிள்ளைக்கு இசட் புள்ளி சிறிது குறைந்து பொறியியற் பீடம் கிடைக்கவில்லை, விஞ்ஞானபீடம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெறுபேறு வந்த வீட்டில் ஒரு மரண வீட்டு அமைதி. "பிறகென்ன, ரீச்சராகத்தானே வரலாம்" என்று உறவினர் ஆறுதல் சொல்வார்கள். ஆசிரியத் தொழிலைக் குறைத்துப் பேசும் அந்த வார்த்தையும் பிழை, விஞ்ஞானபீடத்தைப் பற்றிய அந்த எண்ணமும் பிழை. எங்கள் சிகிச்சைக் கூடத்தில் நாங்கள் தேடிக்கொண்டிருக்கும் ஆள் அந்தப் பீடத்தின் வாசலால்தான் வர வேண்டும். ஆனால் வாசலுக்குள் போனபின் எந்தப் பாடத்தை எடுக்கிறார், எதை விடுகிறார் என்பதில்தான் அவர் எங்களிடம் வந்து சேர்வதும் சேராததும் தங்கியிருக்கிறது.

பாதையில் முதலாவது சந்தி பல்கலைக்கழகத்துக்கு முன்னரே வந்துவிடுகிறது. பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள். பெயரில் மருத்துவம் இருப்பதால் இதற்கு உயிரியல் பிரிவில் படிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உயிரியல் பிரிவிலும் பௌதிகவியல் உண்டு. ஆனால் இணைந்த கணிதம் இல்லை. இணைந்த கணிதம் இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலைச் சிறப்புப் பட்டம் வரை கொண்டுபோகும் வழிகள் பெரும்பாலும் அடைபட்டுவிடும். ஆகவே இந்தத் துறையில் விருப்பம் உள்ளவர் எடுக்க வேண்டியது இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலில் எந்தக் கற்கைநெறிக்கு எந்தப் பாடங்கள் தேவை என்பது தெளிவாக இருக்கிறது. விண்ணப்பம் நிரப்பும் வாரத்தில் புரட்டும் நூலாக அதை வைத்திருக்காதீர்கள். உயர்தரப் பாடம் தெரியும்போதே வாசியுங்கள்.

இரண்டாவது சந்தி பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுகளில் வருகிறது. மூன்று ஆண்டுப் பொதுப் பட்டமும் உண்டு, நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டமும் உண்டு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முன்னையது ஐந்தாம் மட்டம், பின்னையது ஆறாம் மட்டம். ஆராய்ச்சியை நோக்கிப் போகிறவருக்கு நான்காவது ஆண்டும் அதில் செய்யும் ஆய்வுத்திட்டமும் மிகவும் பெறுமதியானவை. சிறப்புப் பட்டத்துக்கான தெரிவு ஆரம்ப ஆண்டுகளின் புள்ளிகளைக் கொண்டே நடப்பதால், "முதல் வருடம்தானே" என்று விட்டுவிடக்கூடாது.

பாடங்களைத் தெரிவதற்கு எங்களிடம் ஒரேயொரு விதிதான் இருக்கிறது. பின்னர் வேலை செய்யும் இடத்தில் கற்கக்கூடியதைப் பின்னுக்கு விடுங்கள். பின்னர் யாரும் கற்பிக்க நேரம் இல்லாததை இப்போது படியுங்கள். ஈரல் எங்கே இருக்கிறது, எந்தத் திசு எவ்வளவு கதிரைத் தாங்கும் என்பதை வைத்தியசாலையில் எங்களால் சொல்லித்தர முடியும். பட்டப்பின் படிப்பிலும் உடற்கூற்றியல் இருக்கிறது. ஆனால் வகையீட்டுச் சமன்பாட்டையோ மின்காந்தவியலையோ முப்பது வயதில், நோயாளர் வரிசையில் காத்திருக்கும்போது, எவரும் உங்களுக்கு அடியில் இருந்து கற்பிக்கப் போவதில்லை. ஆகவே "மருத்துவப் பௌதிகவியல் அறிமுகம்" என்று ஒரு பாடம் இருந்தால் எடுங்கள், அது ருசி காட்டும். ஆனால் அதற்காக அடிப்படைப் பாடம் ஒன்றை விட்டுவிடாதீர்கள். துறையின் பெயர் தலைப்பில் இருக்கிற பாடத்தை விட, பெயரே இல்லாத பாடங்கள்தான் அந்தத் துறையைத் தாங்கி நிற்கின்றன.

அந்தப் பாடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது கணிதம். வகையீட்டுச் சமன்பாடுகள், காவி நுண்கணிதம், தாயங்கள், பூரியே உருமாற்றம் ஆகியவற்றில் கிடைப்பதையெல்லாம் எடுங்கள். ஏன் என்பதற்கு ஒரு வரலாறு சொல்கிறோம். 1956ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரில் அலன் கோமக் என்ற பௌதிகவியல் விரிவுரையாளர் இருந்தார். கதிர்த்தொழிற்பாட்டுச் சமதானிகளைப் பயன்படுத்தும் வைத்தியசாலையில் தகுதியுள்ள பௌதிகவியலாளர் ஒருவர் மேற்பார்வை செய்ய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். குரூட் ஷூர் வைத்தியசாலையில் அந்த ஆள் விலகியதால், வாரத்தில் ஒன்றரை நாள் அவர் அங்கே போனார். கதிர்ச் சிகிச்சைத் திட்டங்கள், உடல் முழுவதும் ஒரே பொருளால் ஆனது போலக் கணிக்கப்படுவதைக் கண்டார். என்பும் தசையும் நுரையீரலும் கதிரை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அப்படியானால் உடலுக்கு வெளியே பல கோணங்களில் எக்ஸ்-கதிரை அளந்து, உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார். இது முழுக்க முழுக்கத் தொகையீட்டுக் கணிதக் கேள்வி. அதற்கு விடை கண்டு 1963இலும் 1964இலும் வெளியிட்டார். அப்போது ஏறக்குறைய எவரும் கவனிக்கவில்லை. இதே கேள்வியை ஜொஹான் ரேடொன் என்ற ஒஸ்திரியக் கணிதவியலாளர் 1917இலேயே தீர்த்து வைத்திருந்தார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே கோமக் அறிந்தார். இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியியலாளர் தனியாக உழைத்து உருவாக்கிய கருவியால் 1971இல் முதலாவது நோயாளிக்குச் சி.ரி. ஸ்கான் எடுக்கப்பட்டது. 1979இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு. இன்று எங்கள் வைத்தியசாலைகளில் நாள்தோறும் எடுக்கப்படும் ஸ்கானுக்குப் பின்னால் இருப்பது, "இது எதற்கு உதவும்" என்று மாணவர் சலித்துக்கொள்ளும் தொகையீடுதான்.

இரண்டாவது மின்காந்தவியலும் அலைகளும். லினாக் என்று நாங்கள் சொல்லும் நேர்கோட்டு ஆர்முடுகியில் இலத்திரன்களை நுண்ணலைகள் தள்ளி வேகப்படுத்துகின்றன. அவை தங்குதன் போன்ற பார உலோகத்தில் மோதும்போது சிகிச்சைக்கான எக்ஸ்-கதிர் பிறக்கிறது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் 1.5 தெஸ்லா காந்தப்புலத்தில் உடலின் ஐதரசன் கருக்கள் ஏறத்தாழ 64 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் சுழல்கின்றன. அந்தச் சமிக்ஞையைப் படமாக்குவது முன்னர் சொன்ன பூரியே உருமாற்றம். ஒரு பாடம் மற்றப் பாடத்துக்குள் எப்படிப் போய் நிற்கிறது பாருங்கள்.

மூன்றாவது குவாண்டம், அணு, கருப் பௌதிகவியல். கோபாற்று-60இன் அரைவாழ்வுக் காலம் 5.27 ஆண்டுகள். உயர்தரத்தில் கணக்காகச் செய்த அதே விடயம், சிகிச்சைக் கூடத்தில் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு வீதம் கதிர் குறைவதாக வந்து நிற்கும். அதற்கு ஏற்ப ஒவ்வொரு நோயாளியின் சிகிச்சை நேரத்தையும் கூட்ட வேண்டும். தெக்னீசியம்-99எம் என்பதன் அரைவாழ்வுக் காலம் ஆறு மணித்தியாலம் மட்டுமே. காலையில் ஊசி மூலம் ஏற்றிப் படம் எடுத்து, மறுநாளுக்குள் பெரும்பகுதி இல்லாமற் போய்விடுவதால்தான் அது நோயறிதலுக்கு உகந்தது. கதிர் இழையத்தில் எப்படிச் சிதறுகிறது, எங்கே சக்தியை விடுகிறது என்பவற்றுக்கெல்லாம் அடிப்படை இந்தப் பாடங்கள்தான்.

நான்காவது செய்முறையும் புள்ளிவிபரவியலும். செய்முறைக் கொப்பியைச் சீனியர் அக்காவிடம் வாங்கிப் பார்த்து எழுதும் வழக்கம் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. பரீட்சைக்கு அது போதும். ஆனால் எங்கள் துறையில் ஓர் அளவீடு எதிர்பார்த்த பெறுமானத்தில் இருந்து விலகினால், அது கருவியின் வழுவா, அளந்த முறையின் வழுவா, உண்மையிலேயே கதிர் மாறிவிட்டதா என்று அன்று காலையே சொல்ல வேண்டும். வெளியே வாங்கில் நோயாளி இருப்பார். அந்தத் தீர்ப்பு, கையால் அளந்து, வழுவைக் கணித்துப் பழகியவருக்குத்தான் வரும். இலத்திரனியலிலும் ஒரு பாடமாவது எடுத்துவையுங்கள்.

ஐந்தாவது கணனி நிரலாக்கம். பைதன் போன்ற ஒரு மொழியை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கான ஒளியன்களின் பயணத்தைக் கணனியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் மொன்ரே கார்லோ முறை இன்று இந்தத் துறை ஆராய்ச்சியின் அன்றாடக் கருவி. இதில் ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 1985க்கும் 1987க்கும் இடையில் தெராக்-25 என்ற சிகிச்சை இயந்திரத்தின் மென்பொருள் வழுக்களால் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளர் மிகை அளவு கதிருக்கு ஆளானார்கள். சிலர் உயிரிழந்தார்கள். முந்திய மாதிரிகளில் இருந்த பொறிமுறைப் பாதுகாப்புகளை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பியிருந்தார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் 1986இல் இரண்டு விபத்துகள் நடந்தபின், அந்த வைத்தியசாலையின் பௌதிகவியலாளர் இயந்திரத்தை இயக்கியவருடன் இருந்து, தரவுகளை எந்த வேகத்தில் மாற்றினால் அந்த வழு வருகிறது என்பதைத் திரும்பத் திரும்பச் செய்து கண்டுபிடித்தார். இயந்திரம் திரையில் காட்டுவதை அப்படியே நம்பாத ஒருவர் அங்கே இருந்தார். அப்படிப்பட்டவர்தான் எங்களுக்கு வேண்டும்.

இவையெல்லாம் உங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்குமா என்று கேட்பீர்கள். எல்லாம் எல்லா இடத்திலும் இராது. இதற்கு ஒரு பெண்ணின் கதையே விடை. ரொசலின் யாலோ நியூயோர்க்கில் ஹன்ரர் என்ற மகளிர் கல்லூரியில் படித்தவர். 1941இல் இலினோய் பல்கலைக்கழகத்துக்குப் பட்டப்பின் படிப்புக்குப் போனபோது, சுமார் 400 பேர் கொண்ட பொறியியற் கல்லூரி ஆசிரியர் குழுவில் அவர் ஒருவர்தான் பெண். அவருடன் சேர்ந்த மாணவர்களில் மிகக் குறைந்த எண்ணிக்கையான பௌதிகவியல் பாடங்கள் படித்தவரும் அவர்தான். என்ன செய்தார்? பட்டப்பின் பாடங்களைப் படித்துக்கொண்டே, புள்ளி கிடைக்காத இரண்டு இளமாணிப் பாடங்களின் வகுப்புகளிலும் போய் இருந்தார். அதற்கிடையில் பகுதி நேரமாகக் கற்பிக்கவும் செய்தார். ஒரு செய்முறைப் பாடத்தில் ஏ சய பெற்றபோது, பெண்களுக்கு ஆய்வுகூட வேலை சரிவராது என்பதற்கு இதுவே சான்று என்று துறைத்தலைவர் சொன்னாராம். 1945இல் கலாநிதிப் பட்டம் பெற்று, பின்னர் நியூயோர்க்கில் ஒரு வைத்தியசாலையில் சமதானிப் பிரிவைத் தொடக்கினார். அங்கே சொலமன் பேர்சன் என்ற வைத்தியரும் அவரும் சேர்ந்து, குருதியில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் இன்சுலினை அளக்க வழி கண்டார்கள். இன்று தைரொயிட் ஓமோன் போன்றவற்றைக் குருதியில் பார்க்கும் பரிசோதனைகளுக்கு வழி திறந்தது அதுதான். 1977இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பேர்சன் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார்.

ஆகவே உங்கள் பீடத்தில் ஒரு பாடம் இல்லாவிட்டால், மற்றத் துறையின் வகுப்பில் இருக்க அனுமதி கேளுங்கள். கணிதத்துறை வாசலில் போய் நில்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். இன்னொரு வழி, முடிவில் இருந்து பின்னோக்கி வருவது. பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனத்திலும், கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவப் பௌதிகவியலில் முதுமாணிக் கற்கைநெறிகள் உண்டு. இத்தாலியின் திரியெஸ்தே நகரில், அப்துஸ் சலாம் 1964இல் நிறுவிய சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் நிலையமும் அந்நகரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வளர்முக நாடுகளின் பட்டதாரிகளை மனத்தில் வைத்து இதே துறையில் ஒரு கற்கைநெறியை நடத்துகின்றன. இவற்றின் அனுமதித் தகைமைகளை இரண்டாம் ஆண்டிலேயே எடுத்து வாசித்து, உங்களிடம் எது இல்லை என்று பாருங்கள். நான்காம் ஆண்டில் வாசித்தால் கவலைப்படத்தான் முடியும்.

புள்ளிச் சராசரியைப் பற்றியும் ஒரு சொல். கடினமான பாடம் சராசரியைக் குறைத்துவிடும் என்று பயந்து இலகுவானதை எடுக்கிறவர்கள் உண்டு. புலமைப்பரிசிலுக்கு வகுப்புச் சித்தி தேவை என்பது உண்மை, அதை நாங்கள் மறைக்கவில்லை. ஒரே அரையாண்டில் கடினமான பாடங்கள் எல்லாவற்றையும் அடுக்காமல் பிரித்து எடுங்கள். ஆனால் பயந்து எதையும் விட்டுவிடாதீர்கள்.

பெற்றோருக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டியது: இது நீண்ட பாதை. பட்டம், முதுமாணி, பிறகு வைத்தியசாலைப் பயிற்சி. பதவி வெற்றிடங்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் வருவதில்லை. வைத்தியருக்கு ஊரில் கிடைக்கும் மரியாதை இவருக்குக் கிடைக்காது. ஆனால் மேலே சொன்ன அடிப்படைகளோடு வெளிவரும் பிள்ளை இந்தத் துறைக்குள் மட்டும் அடைபட்டவர் அல்லர். வானிலை ஆய்வு, தரவுப் பகுப்பாய்வு, கற்பித்தல் என்று எங்கும் கால் வைக்கலாம். அடிப்படையை முன்னுக்கு வைக்கும்படி நாங்கள் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வடக்கில் இருந்து நோயாளர் மகரகமைக்குப் பஸ்ஸிலும் ரயிலிலும் போய், அங்கே வாரக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெற்ற காலத்தை இங்கே பலர் அறிவீர்கள். எத்தனை பேர் பயணத்துக்குப் பயந்தே சிகிச்சையைப் பிந்தவிட்டார்கள். 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்தவர்கள் சேர்த்த பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. கட்டடத்தைப் பணத்தால் எழுப்பலாம், இயந்திரத்தையும் வாங்கலாம். அந்த இயந்திரத்தை நம்பி ஒரு நோயாளியைப் படுக்கவைக்கலாம் என்று கையொப்பம் இடுகிற ஆளை இறக்குமதி செய்ய முடியாது. அவர் இப்படியான ஒரு வகுப்பறையில் இருந்துதான் வர வேண்டும்.

எங்கள் காலத்தில் மின்சாரம் இல்லை, குப்பி விளக்கில் படித்தோம். கணிதப் பிரிவுக்குப் போன எங்கள் தோழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இன்று விளக்கு இருக்கிறது, ஆனால் எமது கல்லூரியின் உயிரியல் வகுப்போடு ஒப்பிட்டால் இணைந்த கணித வகுப்பில் இன்னமும் பாதி வாங்கு வெறுமையாகத்தான் இருக்கிறது. பழைய மாணவிகள் சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். நூற்றாண்டின் நினைவாக எழும்பும் கட்டடத்தோடு, அந்த வகுப்புக்கும் பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு எந்தப் பாடத்தைத் தெரிவது என்று சொல்ல, துறைக்கு ஒருவராகப் பழைய மாணவிகளின் பெயர்ப்பட்டியலை அதிபரிடம் கொடுத்துவையுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் மருத்துவப் பௌதிகவியலுக்கும் எங்கள் பெயர்களை இன்றே எழுதிக்கொள்ளலாம்.